செப்டம் கேள்வி: போன முறை விட்டது, இந்த முறை பிடித்தது

ரிசல்ட் வந்து மூன்று நாள் ஆகிறது. செல் உயிரியல் தாளில் தேறிவிட்டேன், இன்னும் நம்பவே முடியவில்லை. போன முறை இதே தாளில் என்னைக் கவிழ்த்தது ஒரே ஒரு நெடுவினா: ஈஸ்ட் செல் பிரியும்போது செப்டம் (இரண்டு செல்களுக்கும் நடுவே வரும் சுவர்) எப்படி எழுகிறது? அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மற்றதற்கெல்லாம் உங்களிடமே நல்ல குறிப்புகள் இருக்கும்.

கேள்வியில் பிளவு ஈஸ்ட் (நடுவில் பிளந்து இரண்டாகும் வகை) என்று தெளிவாக இருந்தது. நானோ ஒன்றரைப் பக்கம் கைட்டின் என்ற சர்க்கரைச் சங்கிலியைப் பற்றி எழுதித் தள்ளினேன். கால்கோஃப்ளோர் சாயத்தில் பிளவு ஈஸ்ட்டின் செப்டம் பளிச்சென்று ஒளிரும் படம் மனதில் இருந்தது. இந்தச் சாயம் ஒட்டினால் கைட்டின்தான் என்று முடிவுகட்டிவிட்டேன். ஆனால் அங்கே ஒளிர்வது கிளைகள் இல்லாத பீட்டா-1,3-குளுக்கன் என்ற வேறொரு சர்க்கரைச் சங்கிலி. அதைக் கட்டுவது பிஜிஎஸ்1 என்ற நொதி. முதன்மை செப்டத்தில், அதாவது முதலில் எழும் நடுச்சுவரில், கைட்டின் வருவது மொட்டு ஈஸ்ட்டில் (தாய் செல்லில் மொட்டு விட்டுப் பெருகும் வகை). இதை எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

இந்த முறை படிக்கவே இல்லை, வரைந்தேன். தினமும் இரவு ஒரு வெள்ளைத்தாள், அதில் மொட்டு ஈஸ்ட்டின் கழுத்து (மொட்டும் தாயும் சேரும் இடம்), ஐந்து கட்டங்கள்:

- மொட்டு அரும்பும் இடத்தில் செப்டின் புரத வளையம், அங்கேயே சிஎச்எஸ்3 நொதி போடும் கைட்டின் வளையம்
- ஆக்டோமயோசின் புரத இழைகளாலான வளையம் சுருங்குகிறது, பின்னாலேயே சிஎச்எஸ்2 நொதி முதன்மை செப்டத்தைக் கட்டுகிறது
- இரு பக்கமும் குளுக்கனும் மானோபுரதமும் (சர்க்கரை ஒட்டிய புரதம்) சேர்ந்த இரண்டாம் நிலை செப்டம்
- மகள் செல் பக்கத்திலிருந்து வரும் கைட்டினேஸ் (சிடிஎஸ்1) நடுவில் உள்ள கைட்டினைக் கரைக்கிறது
- செல்கள் பிரிகின்றன, தாயின் மேல் மொட்டுத் தழும்பு

பெயர்களை உருப்போட்டு எனக்கு எதுவுமே நின்றதில்லை. எது எதற்காகக் காத்திருக்கிறது என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் நின்றது. சிஎச்எஸ்2-வையே பாருங்கள். நொதி தயாராகிவிட்டாலும் சிடிகே என்ற இன்னொரு நொதி போட்ட பாஸ்பேட்டோடு, அது உருவான எண்டோபிளாச வலையிலேயே நிற்கிறது. மைட்டாசிஸ் (குரோமோசோம்கள் இரண்டாகப் பிரியும் கட்டம்) முடியும்போது சிடிசி14 என்ற நொதி அந்தப் பாஸ்பேட்டை எடுத்தால்தான் கழுத்துக்குப் புறப்படுகிறது. குரோமோசோம்கள் பிரியாமல் சுவர் எழுந்தால் செல்லின் கதி என்ன? இந்த ஒரு கேள்வி மனதில் இருந்தால் வரிசை தப்பாது.

அப்புறம், வளையம்தான் சவ்வை உள்ளே இழுக்கிறது என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். செல்லுக்குள் இருக்கும் விறைப்பழுத்தம் சவ்வை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். பிளவு ஈஸ்ட்டில் அதை எதிர்த்து உள்ளே போக, செப்டம் வளர்வதே பெரும் பலம். எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

மீதி சுருக்கமாக:

- பிளவு ஈஸ்ட்டுக்குத் தனித் தாள். இரண்டையும் ஒரே தாளில் வரையாதீர்கள்.
- பிரிக்கும் நொதிகள் அங்கே இஎன்ஜி1, ஏஜிஎன்1.
- எஃப்கேஎஸ்1, ஆர்எச்ஓ1, காஸ்போஃபங்கின் மூன்றையும் சேர்த்தே படியுங்கள். குளுக்கன் கட்டும் நொதி, அதை முடுக்கும் புரதம், அதைத் தடுக்கும் மருந்து.
- குழுவாகப் படிப்பது எனக்கு ஒத்துவரவில்லை. தனியாக வரைந்தபோதுதான் எங்கே தடுமாறுகிறேன் என்று தெரிந்தது.

தேர்வன்று காலை வேறு எதையும் புரட்டவில்லை. இரண்டு தாளிலும் ஒருமுறை வரைந்து பார்த்துவிட்டுக் கிளம்பினேன். இந்த முறை வந்தது மொட்டு ஈஸ்ட்.