பள்ளிக் கூடைப்பந்து நடுவராவதற்குச் சேலத்தில் நான் பட்ட பாடு

கல்லூரி அணியில் ஆடிய எவருக்கும் மாவட்ட அளவிலான நடுவர் தேர்வின் எழுத்துப் பகுதி பெரிய சுமையாக இராது. சர்வதேசக் கூடைப்பந்து சம்மேளனமான ஃபிபாவின் விதிநூலையும் அதன் விளக்கத் தொகுப்பையும் நிதானமாக வாசித்தவர்கள் தேறிவிடுவார்கள். என் அலைச்சல் விண்ணப்பப் படிவத்தில் தொடங்கியது.

பிறந்த தேதிச் சான்று, விளையாட்டுச் சான்றிதழ்களின் நகல்கள், மருத்துவத் தகுதிச் சான்று ஆகியவற்றை இணைக்க வேண்டும் என்று மட்டுமே படிவத்தில் அச்சிட்டிருந்தார்கள். நகல்களில் அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலரின் சான்றொப்பம் வேண்டும் என்பது அலுவலகத்துக்கு நேரில் சென்ற பிறகே தெரிந்தது. சான்றொப்பத்தோடு சென்றபோது மருத்துவரின் பதிவு எண் இல்லையென்று திருப்பி அனுப்பினார்கள். அதையும் வாங்கிக்கொண்டு சென்றபோது படிவம் பெறுபவர் விடுப்பில் இருந்தார், அடுத்த மேசைக்காரருக்கோ பீரோ சாவி இருக்கும் இடம் தெரியவில்லை. இத்தனையையும் முதலிலேயே ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தால், ஓமலூரிலிருந்து வெயிலில் பேருந்து ஏறி வந்து வெறுங்கையோடு திரும்பும் வேலை மிச்சமாகியிருக்கும். “பொண்ணுங்க மேட்ச்சுக்கு மட்டுந்தானேம்மா ஊதப்போறீங்க, அப்புறம் என்னங்க அவசரம்?” என்று அங்கிருந்த எழுத்தர் ஒருவர் கேட்டதை நான் இன்னும் மறக்கவில்லை. விதிநூலில் அப்படியொரு பிரிவை நான் பார்த்ததில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

ஒரு காரியம் மட்டும் உருப்படியாக நடந்தது. படிவத்தை ஒப்படைத்த அன்றே அதன் நகலில் தேதியிட்ட முத்திரையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். முத்திரை போடுவதெல்லாம் வழக்கமில்லை என்று முனகினாலும் போட்டுக் கொடுத்தார்கள். தேர்வன்று காலையில் பெயர்ப்பட்டியலில் என் பெயரே இல்லை. அந்த நகலைக் காட்டியதும் வேறு பேச்சின்றி உள்ளே அனுமதித்தார்கள். விண்ணப்பிப்பவர்கள் எக்காரணம் கொண்டும் இந்த முத்திரையை விட்டுவிட வேண்டாம்.

எழுத்துத் தேர்வில் குறிப்பிட ஒன்றுமில்லை. வாய்மொழித் தேர்வில் டிராவலிங்கைத்தான், அதாவது பந்தைத் தட்டாமல் கையில் வைத்தபடி அளவுக்கு மேல் அடியெடுத்து வைக்கும் தவறைத்தான், துருவித் துருவிக் கேட்டார்கள். ஓடிக்கொண்டே பந்தைக் கைக்கொள்ளும் கணத்தில் தரையில் இருக்கும் கால் கணக்கில் சேராது என்ற திருத்தம் 2017 இலேயே ஃபிபா விதியில் வந்துவிட்டது. ஆனால் பள்ளி மைதானங்களில் இன்றும் அதற்குப் பின்வரும் இரண்டாவது அடியிலேயே ‘டிராவல், டிராவல்’ என்று கூச்சல் எழுகிறது. செய்முறைத் தேர்வில் பலர் இடறியது கை சைகைகளில். 24 ஆம் எண் ஆட்டக்காரரின் ஃபவுலை ஸ்கோர் எழுதுபவர்கள் அமரும் மேசைக்கு அறிவிக்கும்போது, முதலில் புறங்கை மேசைக்குத் தெரிய 2 விரல்களையும், பின்னர் உள்ளங்கை தெரிய 4 விரல்களையும் காட்ட வேண்டும். ஓடி வந்த மூச்சிரைப்போடு காட்டினால் இரண்டும் குழம்பிவிடும். மேசைக்கு முன் நின்று ஒரு மூச்சு விட்ட பிறகே கையை உயர்த்துங்கள்.

சாம்பல் நிறச் சட்டை கடையில் கிடைத்தது. கறுப்பு முழுக்கால் சட்டையை என் அளவுக்குச் செவ்வாய்ப்பேட்டையில் தைத்துக்கொண்டேன். விசிலில் மட்டும் காசு பார்க்காதீர்கள். உள்ளே உருளும் குண்டு இல்லாத ஃபாக்ஸ் 40 வகையை வாங்குங்கள். குண்டு சிக்கிக்கொண்டு ஆட்டத்தின் நடுவே விசில் ஊதாமல் போன அனுபவத்தால், கனடா நாட்டுக் கூடைப்பந்து நடுவர் ரான் ஃபாக்ஸ்கிராஃப்ட் உருவாக்கியது அது. மலையேறிய பிறகு அதன் அருமை எனக்குப் புரிந்தது.

எனக்குக் கிடைத்த முதல் பணி ஏற்காட்டில், 17 வயதுக்குட்பட்ட மாணவர்களுக்கான ஆட்டம். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து இறங்கியபோது, சிமென்ட் தளத்தின் மறுமுனையிலிருந்த வளையம் பனிமூட்டத்தில் பாதிதான் தெரிந்தது. தரை ஈரமாக இருந்ததால், மூடுபனி விலகித் தளத்தைத் துடைத்து முடிக்கும் வரை ஆட்டத்தைத் தொடங்க மாட்டேன் என்று என்னுடன் வந்திருந்த மூத்த நடுவர் உறுதியாகச் சொல்லிவிட்டார். மேசையில் எட்டாம் வகுப்பு மாணவர்கள் இருவர் ஒரேயொரு நீலப் பேனாவோடு அமர்ந்திருந்தார்கள். ஸ்கோர் ஷீட்டில் முதல், மூன்றாம் கால் பகுதிகளைச் சிவப்பிலும் மற்றவற்றை நீலத்திலோ கறுப்பிலோ எழுத வேண்டும். என் பையில் சிவப்புப் பேனா இருந்தது. அடுத்த பந்து யாருக்கு என்பதைக் காட்டும் அம்புக்குறியும் இல்லாததால், ஒரு மாணவனின் தேர்வு அட்டையில் அதை வரைந்து மேசைமேல் வைத்தேன்.

கைப்பேசிதான் கடிகாரம். நான்காம் கால் பகுதியில் அதில் அழைப்பு வந்ததும், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பையன் எடுத்துப் பேசத் தொடங்கிவிட்டான். ஃபவுலுக்கு விசில் ஊதிய பிறகும் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. ஓடிப்போன விநாடிகளை இரு பயிற்சியாளர்கள் முன்னிலையில் மூத்தவர் சரிசெய்தார். அடுத்த வாரமே நான் கை ஸ்டாப்வாட்ச் ஒன்றை வாங்கிவிட்டேன்.

பெரிய சச்சரவு ஆட்டம் முடிந்த பிறகு வந்தது. இரண்டாம் கால் பகுதியில் 14 ஆம் எண் மாணவன் எறிந்தது மூன்று புள்ளி என்றும், மேசை இரண்டு என எழுதிவிட்டது என்றும் தோற்ற அணியின் உடற்கல்வி ஆசிரியர் வாதாடினார். அவன் கால் கோட்டை மிதித்திருந்ததை நான் அருகிலிருந்து பார்த்திருந்தேன்; ஒவ்வொரு கால் பகுதி முடிவிலும் மேசைக்குச் சென்று ஸ்கோரைச் சரிபார்த்தும் இருந்தேன். மூத்தவர் ஷீட்டை அமைதியாகத் திருப்பிக் காட்டி, “கையெழுத்துப் போட்டாச்சுங்க சார்” என்றார். தலைமை நடுவர் கையொப்பமிட்டவுடன் ஆட்டத்தோடு நடுவர்களின் தொடர்பு முடிந்துவிடுகிறது என்பது விதி. ஆசிரியர் முறைத்துக்கொண்டே போய்விட்டார். எனக்கோ உள்ளூரக் கொண்டாட்டமாக இருந்தது.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நடுவர் ஊதியத்துக்கும் பயணப்படிக்கும் வவுச்சரில் கையொப்பமிட்டதோடு சரி, தொகை இன்னும் வரவில்லை. விசாரித்தபோது வங்கிப் புத்தகத்தின் முதல் பக்க நகல் வேண்டுமாம். அதை வவுச்சரை நீட்டிய அன்றே கேட்டிருக்கலாம். மலைப்பகுதி ஆட்டத்துக்கு ஒப்புக்கொள்பவர்கள் பயணப்படி எவ்வளவு, யார் தருவார், எப்போது தருவார் என்பதை முன்கூட்டியே குறுஞ்செய்தியில் கேட்டு, வரும் பதிலை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.