சால் என்று சொன்னால் என்ன?

போன கிழமை உயர்தரப் பிள்ளைகளுக்கு மகரந்தமணி காட்டினேன். வளவில் நின்ற செவ்வரத்தையில் ஒரு பூவைப் பிடுங்கி, கண்ணாடித் தகட்டில் மெல்லத் தட்டினால் போதும். அதன் மணி 0.1 மில்லிமீற்றருக்கும் பெரியது, வெறுங்கண்ணுக்கே மஞ்சள் பொடியாய்த் தெரியும். நுணுக்குக்காட்டிக்குள் எட்டிப் பார்த்த ஒரு பிள்ளை, "ரீச்சர், நெருஞ்சிக்காய் மாதிரிக் கிடக்கு" என்றாள். உருண்டை முழுக்க முள். இதற்கு எக்கினேற்று என்று உலகம் முழுக்க வழங்கும் சொல்லும் முள்ளெலிக்கான கிரேக்கச் சொல்லில் இருந்து வந்ததுதான். அவர்களுக்கு முள்ளெலி, எங்களுக்கு நெருஞ்சி.

தமிழில் பெயர் சொல்வதில் சிக்கல் வந்தது வாசல்களில். மகரந்தக் குழாய் வெளியே வருவதற்கு மணியின் சுவரில் மெலிந்த இடங்கள் இருக்கும். அது வட்டமாக இருந்தால் துளை, நீளமாக இருந்தால் வேறு. நான் படித்த காலத்துக் கொப்பியில் இரண்டுக்கும் 'துவாரம்' என்றே எழுதி வைத்திருக்கிறேன். அப்படி எழுதினால் நெல்லையும் பனையையும் பிரிக்கவே முடியாது. நெல்லுக்கு விளிம்பு தடித்த ஒரேயொரு வட்டத் துளை, பனைக்கு ஒரேயொரு நீண்ட பள்ளம்.

அந்தப் பள்ளத்துக்குச் 'சால்' என்று சொன்னால் என்ன? சல்கஸ் என்ற லத்தீன் சொல்லுக்கும் உழவுச்சால் என்றுதான் பொருள். ஆனால் கொல்பஸ் என்று இன்னொன்று இருக்கிறது, அதுவும் பள்ளந்தான், இடம் மட்டும் வேறு. மகரந்தமணிகள் நான்கு நான்காக ஒட்டிப் பிறக்கின்றன. அந்த நான்கில் ஒவ்வொரு மணியிலும் வெளியே பார்த்திருக்கும் துருவத்தில் விழுவது சல்கஸ். பூமிப் படத்தில் நெடுங்கோடு போவது போல, துருவத்தை நோக்கி நடுக்கோட்டைக் குறுக்கே வெட்டி ஓடுவது கொல்பஸ். ஆகவே துருவச்சால், நெடுஞ்சால். புவியியல் படித்த பிள்ளைகளுக்கு இது உடனே பிடிபட்டது.

ஆண் பனையின் பூவில் இருந்து எடுத்த காய்ந்த மணியைப் பார்த்தோம். வள்ளம் மாதிரி ஒடுங்கி, நடுவில் ஒரு கறுத்தக் கோடு. ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதும் கோடு அகன்று, வள்ளம் ஊதி உருண்டது. ஈரம் போகாமல் இருக்கத்தான் வெயிலில் சால் மடிந்து மூடிக்கொள்கிறது. பெயர் சரியாக இருந்தால் அதன் வேலையும் தன்னால் விளங்கிவிடும்.

இந்தச் சொற்களில் பெரும்பாலானவை வெளிச்சுவருக்கு உரியவை. அது ஸ்போரோபொலெனின் என்ற பொருளால் ஆனது, அமிலத்தில் காய்ச்சினாலும் அழியாது, குளத்துச் சேற்றில் ஆயிரக்கணக்கான வருடம் கிடக்கும். உள்ளே இருந்த உயிர் போன பிறகும், சால், துளை, முள் எல்லாவற்றையும் எண்ணி இன்ன செடி இங்கே நின்றது என்று சொல்லலாம்.

அடுத்தது வேம்பு. அதன் மணியில் நாலு நெடுஞ்சால், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு துளை. சாலும் துளையும் சேர்ந்த அந்த வாசலுக்குப் பெயர் வைப்பதைப் பிள்ளைகளிடமே விட்டிருக்கிறேன். 'சால்துளை' என்று ஒருவன் இப்போதே எழுதித் தந்துவிட்டான்.