கோணேசர் மலையில பட்டிப்பூ

நேர்த்தியை இவ்வளவு நாள் இழுத்தடிச்சதுக்கு முதல்ல திருகோணமலைக் கோணேசரிட்ட மன்னிப்பு. மூத்தவன் இரத்தப் புற்றுநோயோட மகரகம ஆசுபத்திரியில கிடக்கேக்க என்ர அம்மாதான் நேர்ந்தவ, கோட்டை வாசல்ல இருந்து சந்நிதி மட்டும் அவனை அவன்ர காலாலயே நடத்திக் கொண்டு வாறன் எண்டு. அவனுக்கு ஏத்தின வின்கிறிஸ்டின் ஊசி கால் நரம்பைச் சோர வைச்சிட்டுது, படியேற ஏலாது, பாதம் இழுபடும், அதுதான் அப்பிடியொரு நேர்த்தி.

போன வெள்ளிக்கிழமை போனனாங்கள். வாசல்லயே ஒரு ஓட்டோக்காரர், "பிள்ளை நடக்காது, ஏறுங்கோ" எண்டு பின்னாலயே வாறார், அவருக்கு எங்க தெரியும். மேல போனா ரெண்டு பக்கமும் கடை, பஸ் பஸ்ஸா வந்திறங்கின சனம், செல்ஃபி, தள்ளுமுள்ளு, செருப்பைக் கழட்டினாப் பிறகு கல்லுச் சூடு வேற. மூண்டு இடத்தில இருந்து இருந்துதான் ஏறினான், ஆனா தூக்க விடேல்ல.

சந்நிதியில என்ன கும்பிட்டன் எண்டே ஞாபகமில்லை. மாதுமை அம்மனுக்கு முன்னால அம்மா விக்கி விக்கி அழுதது மட்டும்தான்.

பிறகு மலையைப் பிளந்த மாதிரி இருக்கிற இராவணன் வெட்டடியில நிண்டு எட்டிப் பாத்தா நேர கீழ கடல், தலை சுத்துது. அந்தக் கல்லு வெடிப்புக்குள்ள, ஒரு பிடி மண் இல்லாத இடத்தில, ஒரேயொரு பட்டிப்பூச் செடி, ரோஸ் நிறத்தில அஞ்சாறு பூவோட உப்புக்காத்துக்கு ஆடிக்கொண்டு நிக்குது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சிட்டுது. அந்த ஊசி மருந்தே இந்தச் செடியில இருந்துதான் எடுக்கிறது எண்டு வார்ட்டில டொக்டர் சொன்னவர், நித்தியகல்யாணி எண்டுறதும் இதைத்தான், சொந்த ஊர் மடகஸ்கர், எங்கயோ கிடந்தது கடல் தாண்டி வந்து என்ர பிள்ளைக்கு... அம்மம்மா இதைச் சுடலைப்பூ எண்டு சாமித்தட்டில வைக்க விடமாட்டா. சுடலையில ஆடுறவருக்கு வைக்காம வேற ஆருக்கு வைக்கிறது அம்மம்மா? (இதை வாசிச்சிட்டு ஆரும் கசாயம் காய்ச்சிப் போடாதேங்கோ, செடி நஞ்சு, பிரிச்செடுத்து அளவா ஏத்தினாத்தான் மருந்து.)

"அம்மா, என்ர ஊசிப்பூ" எண்டான். நான் ஒண்டும் சொல்லேல்ல, சொல்ல வாய் வரேல்ல, அப்பனே அப்பனே எண்டு கொண்டு நிண்டன், பின்னால நிண்ட சனம் தள்ளத்தான் நகந்தன்.

இறங்கேக்க கோட்டைக்குள்ள மான் நிண்டுது. அர்ச்சனை செய்த வாழைப்பழம் முழுக்க அதுக்குத் தீத்தி முடிச்சிட்டான், பேச மனம் வரேல்ல.