புண் ஆறியதும் பஜ்ஜி வாங்கிக் கொண்டாடியவன்

வலி இருந்திருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் ஓடியிருப்பேன். ஆணுறுப்பில் மிளகளவு ஒரு புண். தொட்டால் கெட்டியாக இருந்தது, வலி மட்டும் சுத்தமாக இல்லை. திருப்பாதிரிப்புலியூரில் தெரிந்த முகம் இல்லாத மெடிக்கலாகப் பார்த்து, படர்தாமரை என்று பொய் சொல்லி ஆயின்மென்ட் வாங்கினேன்.

10 நாள் கழித்து ஒரு கிளினிக். அந்த டாக்டர் புண்ணைப் பார்க்கவே இல்லை. மேசைக்கு அந்தப் பக்கமிருந்தே “ஹெர்பீஸ்” என்று அதற்கான அசைக்ளோவிர் மாத்திரை எழுதிவிட்டார். ஹெர்பீஸ் என்றால் பெரும்பாலும் கொப்புளம் கொத்தாக வந்து எரிச்சல் உயிரை எடுக்குமாம். “வலிக்குதா?” என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், ரத்தமாவது எடுக்கச் சொல்லியிருக்கலாம். கொஞ்ச நாளில் புண் தானாக ஆறியது. மாத்திரையின் மகிமை என்று சில்வர் பீச்சில் பஜ்ஜி வாங்கிக் கொண்டாடினேன்.

2 மாதத்தில் உள்ளங்கை, உள்ளங்காலில் செம்பு நிறப் புள்ளிகள். அரிப்பில்லை. கடலூரில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பாண்டிக்கு பஸ் ஏறினேன். முதல் நாள் வீண், ஓ.பி. சீட்டு நேரம் முடிந்திருந்தது. மறுநாள் கவுன்டரில் “எதுக்கு?” என்று உரக்கக் கேட்டார்கள். பின்னால் நின்றவர் எங்கள் தெருக்காரர்! “ஸ்கின்” என்றேன். அது பொய்யுமில்லை, பால்வினை நோயையும் பெரும்பாலும் தோல் பிரிவில்தான் பார்க்கிறார்கள். நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.

டாக்டரம்மா என் கையைத் திருப்பிப் பார்த்ததுமே வி.டி.ஆர்.எல். என்ற ரத்தப் பரிசோதனை எழுதினார். 1:64, அதாவது ரத்தத்தை 64 மடங்கு நீர்த்தும் பாசிட்டிவ். அதை உறுதி செய்யும் டி.பி.எச்.ஏ. பரிசோதனையும் பாசிட்டிவ். சிபிலிஸ் என்கிற பால்வினை நோய். எச்.ஐ.வி. இல்லை.

பென்சத்தீன் பென்சிலின் 24 லட்சம் யூனிட், பிட்டத்தில் பக்கத்துக்குப் பாதியாக இரண்டு ஊசி. முதலில் மருந்து ஒத்துக்கொள்கிறதா என்று கையில் டெஸ்ட் டோஸ் போட்டு அரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். மருந்து சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி. நடுவில் ஊசி அடைத்துக்கொண்டு, சிஸ்டர் வேறு மாற்றினார். திரும்பும்போது பஸ்ஸில் சீட் இருந்தும் கடலூர் வரை நின்றுகொண்டே வந்தேன். ராத்திரி குளிர்க்காய்ச்சல். கிருமி சாகும்போது இப்படி வரும், ஒரு நாளில் போய்விடும் என்று சிஸ்டர் முன்பே சொல்லியிருந்ததால் பாராசிட்டமாலோடு படுத்தேன்.

என்னோடு உறவில் இருந்தவளிடம் சொல்ல ஒரு வாரம் ஆனது. அவளுக்குப் புண் எதுவும் தெரியவில்லை, ரத்தத்தில் மட்டும் பாசிட்டிவ். பெண்களுக்குச் சில நேரம் உள்ளேயே வந்து ஆறிவிடுமாம். ஊசி போட்டுக்கொண்டாள். என்னிடம் இன்னும் சரியாகப் பேசவில்லை.

6 மாதம் கழித்து எனக்கு வி.டி.ஆர்.எல். 1:8. நான்கில் ஒரு பங்காகவாவது இறங்க வேண்டுமாம், அதற்குமேலேயே இறங்கியிருக்கிறது. டி.பி.எச்.ஏ. மட்டும் இனி பெரும்பாலும் பாசிட்டிவாகவே காட்டும், எங்கேயாவது ரத்தம் எடுத்துப் பயமுறுத்தினால் சிகிச்சைச் சீட்டைக் காட்டு என்றார்கள். எல்.ஐ.சி. பாலிசிக்குள் மடித்து வைத்திருக்கிறேன்.