எண்ணூர் ரோட்டில் இந்த விங் எதற்கு?

எங்கள் தண்டையார்பேட்டைப் பக்கம் மாருதிக்கே பின்னால் விங் (இறக்கை மாதிரித் தகடு) மாட்டி ஓட்டும் பையன்கள் இருக்கிறார்கள், அதனால் போர்ஷே 911 ஜிடி3 ஆர்எஸ் என்ற ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார் படத்தைக் காட்டினால் "இதுவும் சும்மா சீன்தானே" என்கிறார்கள். சீன் இல்லைங்க. 2022-இல் அறிமுகமான அந்த ரோடு காரை, மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் காற்று மட்டுமே 409 கிலோ அளவுக்குக் கீழே அழுத்துகிறது, 285-இல் 860 கிலோ. கம்பெனியே சொன்ன கணக்கு இது. அப்படி அழுத்தினால்தான் வளைவில் டயர் ரோட்டை விடாமல் பிடிக்கும். வேகம் பாதியானால் அழுத்தம் கால்வாசி ஆகிவிடும் என்பதால், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே எண்ணூர் ரோட்டில் 40-இல் ஊர்ந்தால் கிடைப்பது 16 கிலோ சொச்சம், நிரப்பின கேஸ் சிலிண்டரில் ஏறக்குறைய பாதி. சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலமாக இருந்தால் 200-ஐத் தொட்டுப் பார்க்க பக்கத்திலேயே இடம் இருந்திருக்கும். இப்போது இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்குத்தான் போக வேண்டும்.

எனக்குப் பிடித்த விஷயம் என்னவென்றால், இதே காரின் ரேஸ் வடிவமான ஜிடி3 ஆர்-க்கு இல்லாத வசதி ரோடு காருக்கு இருக்கிறது. பட்டனை அழுத்தினால் விங்கின் மேல்தகடு படுத்துக்கொள்ளும், காற்றின் இழுவை குறையும். பலமாக பிரேக் பிடித்தால் அதுவே நிமிர்ந்து நின்று காற்றைத் தடுக்கும். ரேஸ் காரில் பிட்டில் (டிராக் ஓரத்தில் காரைச் சரிபார்க்கும் இடம்) வைத்து மெக்கானிக் எந்தக் கோணத்தில் முடுக்குகிறாரோ அதுதான், ஓடும்போது அசையக் கூடாது. விதி அப்படி. பல கம்பெனி கார்களைச் சமமாக்கி ஓடவிடும் பந்தயத்தில், ஆளாளுக்கு அசையும் இறக்கை வைத்தால் செலவும் சண்டையும்தான் மிஞ்சும்.

விங்கை மேலிருந்து தொங்கவிடும் வளைந்த தாங்கி ரேஸிலிருந்து வந்தது. உறிஞ்சும் வேலையைச் செய்வது விங்கின் அடிப்பக்கம், அங்கே குறுக்கே எதுவும் நிற்கக் கூடாது. முன்னால் நடுவில் ஒரே பெரிய ரேடியேட்டர் வைப்பதும் ரேஸ் யோசனைதான், அதற்காக, இந்தக் காரில் முன்னால் இருக்கும் டிக்கியையே காவு கொடுத்துவிட்டார்கள்.

அப்புறம் ரேஸ் கார் எங்கே ஜெயிக்கிறது? அடியில். தரையை ஒட்டி ஓடும்போது கீழே காற்று வேகமெடுத்து, அங்கே அழுத்தம் குறைந்து, கார் தரையோடு உறிஞ்சப்படுகிறது. அந்த இடைவெளி மாறாமல் இருக்கத்தான் கல் மாதிரி ஸ்பிரிங். அந்த உயரத்தோடு திருவொற்றியூர் ஸ்பீடு பிரேக்கர் ஒன்றில் ஏறினால் முன்தகடு அங்கேயே கிடக்கும். ரோடு காரைத் தூக்கி வைத்தே ஆக வேண்டும், எவ்வளவு பெரிய விங் மாட்டினாலும்.