ஐந்தரை மணி நேரம் எங்கே போகிறது: ஒரு டேட்டாபேஸ் நாட்குறிப்பு

அக்டோபர் 6, 2025

போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் ‘டைம்ஸ்டாம்ப் வித் டைம் ஸோன்’ (நேர மண்டலத்தோடு கூடிய நேரம்) என்ற தரவு வகையின் பெயரை நம்ப வேண்டாம். அது மண்டலத்தைச் சேமிப்பதே இல்லை. வரும் நேரத்தை யூடிசியாக்கி (உலகப் பொது நேரமாக்கி) 8 பைட்டில் வைத்துக்கொள்ளும். கேட்கும்போது செஷனின் (அப்போதைய டேட்டாபேஸ் இணைப்பின்) மண்டலத்தில் காட்டும். மண்டலமில்லாத வகையோ இன்னும் மோசம். நேரத்தின் வாலில் +05:30 (யூடிசியைவிட இந்திய நேரம் முந்தும் அளவு) ஒட்டி அனுப்பினால், சத்தமில்லாமல் வாலை வெட்டிவிடும்.

அக்டோபர் 7

பழைய டேபிளில் மண்டலமில்லாத வகையிலிருந்து மண்டலமுள்ள வகைக்கு மாறும் வேலை. டேபிளை மாற்றும் ‘ஆல்டர் டேபிள்’ கட்டளையில் ‘யூஸிங்’ (பழைய மதிப்பை எப்படி மாற்றுவது என்று சொல்லும் பகுதி) இல்லாவிட்டால், அப்போதைய செஷன் மண்டலப்படிதான் பழைய நேரங்கள் படிக்கப்படும். தரவு இந்திய நேரம், செஷன் யூடிசி என்றால் காலை 10:00 பிற்பகல் 3:30 ஆகிவிடும். ‘அட் டைம் ஸோன் ஏசியா/கொல்கத்தா’ என்று யூஸிங்கில் எழுதியே தீர வேண்டும்.

இந்த ‘அட் டைம் ஸோன்’ இருபக்கக் கத்தி. மண்டலமில்லாத நேரத்துக்குக் கொடுத்தால் மண்டலத்தைச் சேர்க்கும், மண்டலமுள்ளதற்குக் கொடுத்தால் எடுத்துவிடும். மண்டலமில்லாத வகையில் யூடிசி நேரம் இருந்து, அதை இந்திய நேரமாகப் பார்க்க வேண்டுமா? இரண்டு முறை போட வேண்டும்: முதலில் யூடிசி, பிறகு கொல்கத்தா. ஒருமுறை மட்டும் போட்டால் திசையே மாறிப்போகும்.

அக்டோபர் 8

மண்டலப் பெயருக்குச் சுருக்கெழுத்து வேண்டவே வேண்டாம். போஸ்ட்கிரஸின் இயல்பான பட்டியலில் ‘ஐஎஸ்டி’ என்றால் இந்திய நேரமல்ல, இஸ்ரேல் நேரம், +2. ‘யூடிசி+5:30’ என்று எழுதினாலும் வம்புதான்: போசிக்ஸ் (யூனிக்ஸ் தரநிலை) வழக்கில் கூட்டல் குறி கிரீன்விச்சுக்கு மேற்கு. கூட வேண்டிய ஐந்தரை குறைந்து, 11 மணி நேரம் பிசகும்.

அக்டோபர் 9

இன்னொரு டேட்டாபேஸான மைஎஸ்கியூஎல்லில் மண்டலப் பெயர் கொடுத்தும், மண்டலம் மாற்றும் ‘கன்வர்ட்_டிஇசட்’ நல் (வெற்று மதிப்பு) தருகிறதா? பெயர் சரி என்றால், மண்டல டேபிள்கள் ஏற்றப்படவில்லை. மைஎஸ்கியூஎல்லோடு வரும் ‘டிஇசட்இன்ஃபோ’ கருவியை ஓட்டி, அதன் வெளியீட்டை ஏற்றினால் தீரும்.

அக்டோபர் 13

நவம்பர் 2 அன்று நியூயார்க்கில் கோடை நேரம் முடிந்து கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னே போவதால், அதிகாலை 1:30 இருமுறை வரும்: யூடிசியில் 5:30, 6:30. உள்ளூர் நேரம் மட்டும் இருந்தால் எது எதுவென்று பிரிக்க முடியாது. போஸ்ட்கிரஸ் இரண்டாவதை எடுத்துக்கொள்ளும். அந்த மாற்றத்தைத் தாண்டும்படி ‘1 நாள்’ கூட்டுவதும் ‘24 மணி’ கூட்டுவதும் வேறு வேறு விடை தரும், செஷன் மண்டலம் நியூயார்க்காக இருந்தால்.

நடந்து முடிந்தவற்றுக்கு யூடிசி போதும். வரப்போகும் சந்திப்புக்கு உள்ளூர் நேரத்தையும் மண்டலப் பெயரையும் தனித்தனியாக வைப்பதே மேல். அரசுகள் விதியை மாற்றும். மெக்சிகோ 2022இல் பெரும்பாலான பகுதிகளில் கோடை நேரத்தையே கைவிட்டது. முன்கூட்டி யூடிசியாக்கி வைத்த கோடைகாலச் சந்திப்புகள் அங்கே ஒரு மணி நேரம் பிசகி நிற்கும்.