கானிக்காப்பொலி: நான்கு நாள் தேடிய சொல்

ஆங்கிலத்துக்குள் போன தமிழ்ச் சொற்களை நோட்டில் சேர்க்கத் தொடங்கி மூன்று மாதம் ஆகிறது. காசு, கட்டுமரம், மிளகுத்தண்ணீர் எல்லாம் சுலபமாகக் கிடைத்தன. பதினெட்டாவது சொல்லில்தான் வண்டி நின்றது: கணக்கப்பிள்ளை.

நான் பார்ப்பது ஹாப்சன்-ஜாப்சன் அகராதி; இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர் பேச்சில் கலந்த சொற்களின் தொகுப்பு. யூலும் பர்னலும் தொகுத்து 1886-இல் வெளிவந்தது. பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர் என்பதால் தமிழ்ச் சொற்களுக்கு அதை நம்பிப் போகிறேன். 'கே' எழுத்தில் மூன்று நாள் துழாவினேன், இல்லை. நான்காம் நாள் இரவு 'சி' பக்கங்களில் 'கானிக்காப்பொலி' என்றொரு சொல் கண்ணில் பட்டது. வாய்விட்டு வேகமாகச் சொல்லிப் பார்த்தேன். இரண்டு முறை ஒன்றும் தோன்றவில்லை. மூன்றாம் முறை கணக்கப்பிள்ளை எழுந்து வந்துவிட்டார்! 'மொனாப்பொலி' என்ற பழகிய சொல்லின் சாயலில் வெள்ளைக்காரர் வாய் அதை வளைத்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

அதன் கீழே தந்திருக்கும் மேற்கோள்களில் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். புனித ஜார்ஜ் கோட்டையின் 1680 செப்டம்பர் 21 குறிப்பு. கவர்னர் தம் ஆலோசனைக் குழுவோடும் சிப்பாய்களோடும் 300 சலவைத் தொழிலாளரோடும் சென்னை நிலத்தைச் சுற்றி வருகிறார். இத்தனை பேர் நடந்தும், எல்லை எங்கே என்று காட்டுபவர் கணக்கப்பிள்ளை. நிலங்கள் ஒன்றுக்குள் ஒன்று கலந்து கிடப்பதால் மற்றவருக்குத் தெரியாது. அதற்காகவே ஊருக்கு ஒரு கணக்கப்பிள்ளையும் ஒரு பறையரும் உண்டு, இது தகப்பனுக்குப் பின் மகனுக்கு வரும் வேலை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கோட்டையின் ஏட்டிலேயே இந்த ஒப்புதல் இருப்பதைப் பார்த்து நெஞ்சு நிறைந்தது.

நோட்டில் பொருள் என்ற இடத்தில் 'கணக்கு எழுதுபவர்' என்று குறித்திருந்தேன். போதாது என்று அடித்துவிட்டேன். 1540-களில் முத்துக்குளித்துறைக் கடற்கரையில், கிறிஸ்தவ மறைபரப்பாளரான சவேரியார் ஊர்தோறும் வைத்த கணக்கப்பிள்ளைகள் ஜெபம் சொல்லிக்கொடுத்தார்கள். இலங்கை மலையகத் தோட்டங்களிலோ, வேலையை மேற்பார்ப்பவர் கணக்கப்பிள்ளை. மூன்றையும் தனித்தனி வரிகளாக எழுதினேன். மலையகத்துக்கு மட்டும் அரைப் பக்கம் காலியாக விட்டிருக்கிறேன். அடுத்த வாரம் கங்காணியோடு சேர்த்து நிரப்ப வேண்டும்.